பிரிட்டிஷ் பைக்குகள் விழுந்ததும் எழுந்ததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்லட் வைத்திருப்பவர்களும், புதிதாக ட்ரையம்ப் வாங்க நினைப்பவர்களும், பழைய பைக் என்றால் உயிரை விடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ட்ரையம்ப், பிஎஸ்ஏ, நார்டன், ராயல் என்ஃபீல்டு ஆகிய நான்கு பெயர்களைச் சுற்றித்தான் பெரும்பாலான பதில்கள் இருக்கும். மற்ற கம்பெனிகள் தேவைப்படும் இடத்தில் தலைகாட்டும்.

ஒரு காலத்தில் பைக் உலகமே பிரிட்டன் கையில் இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அது பொருந்தும். பர்மிங்ஹாம் நகரின் ஸ்மால் ஹீத் பகுதியில் இருந்த பிஎஸ்ஏ, 1861-இல் துப்பாக்கித் தொழில்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. அப்புறம் சைக்கிளுக்கு வந்து, அங்கிருந்து மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. போர்க்காலத்தில் எம்20 என்ற 500 சிசி பைக்கை ஒரு லட்சத்துக்கும் மேல் ராணுவத்துக்குச் செய்து கொடுத்தது. 1951-இல் ட்ரையம்பையும் வாங்கியபோது உலகிலேயே பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனி அதுதான்.

பர்மிங்ஹாமைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டால் பிஎஸ்ஏ, நார்டன், ஏரியல், வேலொசெட், கோவென்ட்ரி பக்கம் ட்ரையம்ப், ரெட்டிச்சில் ராயல் என்ஃபீல்டு என்று முக்கால்வாசிப் பெயர்களும் அதற்குள் வந்துவிடும். லண்டன் பக்கம் மேட்ச்லெஸ், ஏஜேஎஸ் பைக்குகளைச் செய்த ஏஎம்சி இருந்தது. பைக்குகள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் கப்பலாகப் போயின.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பதினைந்து ஆண்டும் எதிரில் ஆளே இல்லாத ஆட்டம். ஜெர்மனியும் ஜப்பானும் இடிபாட்டில் கிடந்தன. 1948-இல் வந்து லட்சக்கணக்கில் விற்ற பிஎஸ்ஏ பேன்டம்கூட, போர் இழப்பீடாகக் கிடைத்த ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி125 பைக்கின் வரைபடத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுச் செய்ததுதான். அதே ஜெர்மன் பைக்கைப் பார்த்துத்தான் யமஹா தன் முதல் பைக்கான ஒய்ஏ-1-ஐச் செய்தது. இரண்டு நாடும் ஒரே புள்ளியில் தொடங்கின. யமஹா அதை முதல் படியாக வைத்து மேலே ஏறியது. பிஎஸ்ஏ அதே பேன்டமை அங்கங்கே மாற்றி 1971 வரை ஓட்டியது.

ஜப்பான்காரர்கள் மலிவாகக் கொடுத்துத்தான் பிரிட்டிஷ் கம்பெனிகளைக் காலி செய்தார்களா?

இதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். எனக்கு இதில் பாதிதான் சம்மதம்.

ஹோண்டாவின் சூப்பர் கப் 1958-இல் வந்தது. மறு ஆண்டே ஹோண்டா ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டிடி பைக் பந்தயத்துக்கு ஆட்களை அனுப்பியது. 1961-இல் 125, 250 சிசி பிரிவுகள் இரண்டிலும் முதலிடம். அதாவது சின்ன என்ஜினை நுணுக்கமாகச் செய்யத் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள் என்பது பிரிட்டன் மண்ணுக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்முன்னும் தெரிந்துபோனது. ட்ரையம்பின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் டர்னர் 1960-இல் ஜப்பானுக்கே போய்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து நிலைமை கவலைக்கிடம் என்று அறிக்கையும் கொடுத்தார். ஆகவே "எங்களுக்குத் தெரியாமல் போச்சு" என்று யாரும் சொல்ல முடியாது.

தெரிந்தும் ஏன் சும்மா இருந்தார்கள்? அன்றைய நிர்வாகிகள் பலர் போட்ட கணக்கு இது: சின்ன பைக்கில் லாபம் குறைவு, அதை ஜப்பான்காரன் விற்கட்டும், பையன்கள் அதில் ஓட்டப் பழகிக்கொண்டு, சம்பாதிக்க ஆரம்பித்ததும் பெரிய பைக்குக்கு நம்மிடம்தான் வருவார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 125-இல் ஹோண்டாவோடு பழகியவன், செல்ஃப் ஸ்டார்ட்டுக்கும் ஒழுகாத என்ஜினுக்கும் பழகியவன், அடுத்ததும் ஹோண்டாதான் கேட்டான். ஹோண்டாவும் 250, 305, 450 என்று அவன் கூடவே மேலே வந்தது. பிரிட்டிஷ் கம்பெனிகள் 125-ஐ விட்டன, பிறகு 250-ஐ விட்டன, பிறகு 350-ஐ விட்டன. 1970-களில் கையில் மிஞ்சியது 650-க்கு மேற்பட்ட பைக்குகள் மட்டும்.

1975-இல் பிரிட்டிஷ் அரசு கேட்டு பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் எழுதிய அறிக்கையும் இந்தப் பின்வாங்கலைத்தான் நோயின் வேர் என்றது. எண்ணிக்கையில் பெரிய சந்தையை விட்டுவிட்டால், புது இயந்திரம் வாங்கவும் புது என்ஜின் வரையவும் பணம் எங்கிருந்து வரும்?

1969-இல் வந்த ஹோண்டா சிபி750-தான் கடைசி அடியா?

பெரிய பைக் சந்தையில் ஆமாம். பிஎஸ்ஏ-ட்ரையம்ப் அதற்கு ஆண்டுக்கணக்கில் முன்பே மூன்று சிலிண்டர் 750-ஐச் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டது. பெர்ட் ஹாப்வுட், டக் ஹீல் என்ற இரண்டு கெட்டிக்காரப் பொறியாளர்களின் வேலை அது. ஆனால் நிர்வாகம் தோற்றத்தை மாற்றுகிறேன் என்று வெளியில் ஒரு டிசைன் கம்பெனியிடம் கொடுத்தது. பெட்டி மாதிரி பெட்ரோல் டேங்க், வாலில் மூன்று சின்னக் குழாய் நீட்டும் சைலன்சர் என்று திரும்பி வந்தது. அமெரிக்க டீலர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவழியாக ட்ரையம்ப் ட்ரைடென்ட், பிஎஸ்ஏ ராக்கெட் 3 என்ற பெயர்களில் 1968-இல் அது வெளிவந்தது. சில மாதங்களிலேயே ஹோண்டா வந்து நின்றது: நான்கு சிலிண்டர், வால்வை மேலிருந்தே திறக்கும் ஓவர்ஹெட் கேம், முன்னால் டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட், ஐந்து கியர். ட்ரைடென்ட்டில் கீழிருந்து தண்டால் தள்ளி வால்வைத் திறக்கும் புஷ்ராடு, டிரம் பிரேக், கிக்கர், நான்கு கியர். விலையும் ஹோண்டாதான் குறைவு.

ட்ரைடென்ட் பந்தயங்களில் பிய்த்து உதறியது, அதில் சந்தேகமே இல்லை. ஷோரூமில் நிற்பவருக்கு அது உதவவில்லை. அமெரிக்காவில் பெரிய பைக் சந்தையில் கிட்டத்தட்டப் பாதியை வைத்திருந்த பிரிட்டிஷ் பைக்குகள், ஐந்தாறு ஆண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின.

உள்ளூரிலேயே ஏன் ஆள் குறைந்தது?

மினி கார். 1959-இல் அது வந்தபோது, பைக்கோடு பக்கவண்டி கட்டிப் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையில் போன குடும்பஸ்தன் காருக்கு மாறினான். அத்தோடு, பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் 250 சிசி வரைதான் ஓட்டலாம் என்று 1961-இல் சட்டமும் வந்தது. அந்த அளவில் பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் உருப்படியாக எதுவும் இல்லை. ஜப்பானியரிடம் இருந்தது.

பிரிட்டிஷ் பைக் என்றாலே ஆயில் ஒழுகும் என்பார்களே, அது ஏன்?

கொஞ்சம் கிண்டல், நிறைய உண்மை. கிராங்க்கேஸ் என்கிற அலுமினியக் கூட்டை இரண்டு பாதியாகச் செய்து சேர்க்க வேண்டும். பிரிட்டிஷ் என்ஜின்களில் அந்தப் பிளவு செங்குத்தாக, இடதுபாதி வலதுபாதியாக இருக்கும். அப்படியானால் இணைப்புக் கோடு என்ஜினின் அடிவயிறு வழியாகவும் போகும், ஆயில் தேங்கும் இடமும் அதுதான். ஹோண்டாவின் பல சிலிண்டர் என்ஜின்களில் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று படுக்கையாகப் பிளப்பார்கள். இணைப்பு ஆயில் மட்டத்துக்கு மேலே நின்றுவிடும்.

அடுத்தது கூட்டுக்குள் உண்டாகும் காற்றழுத்தம். பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டரில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே இறங்கும், சேர்ந்தே ஏறும். இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, எங்கே சந்து கிடைக்கும் என்று தேடும். ராக்கர் மூடியின் ஓரம், புஷ்ராடு குழாயின் அடி, டேக்கோமீட்டர் வயர் புகும் துளை என்று எல்லா இடத்திலும் ஆயிலைக் கசியவிடும்.

இந்த இரண்டையும் விடப் பெரியது கடைசல் இயந்திரங்களின் வயது. சேரும் முகங்கள் மட்டமாக இருந்தால் மெல்லிய கேஸ்கெட்டே போதும். தேய்ந்த பழைய இயந்திரத்தில் இழைத்த முகம் மட்டமாக வராது. ஒழுங்காகத் தேய்த்து, நல்ல பசை போட்டு, இன்று ஒரு பொறுமையான மெக்கானிக் பூட்டினால் அதே ட்ரையம்ப் என்ஜின் சொட்டுகூட விடாமல் ஓடுகிறது. குறை வடிவமைப்பில் பாதிதான். மீதிப்பாதி தொழிற்சாலையில்.

அந்த அதிர்வு?

எட்வர்ட் டர்னர் வரைந்த ட்ரையம்ப் ஸ்பீட் ட்வின் 1937-இல் வந்தபோது 500 சிசி. ஒற்றை சிலிண்டர் பைக் அளவே இருந்தது, அதைவிட மென்மையாக ஓடியது. அடுத்த நாற்பது ஆண்டுக்குப் பிரிட்டனில் எல்லோரும் செய்தது அதன் நகல்களைத்தான். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஆடும் அந்த அமைப்பு 500-இல் தாங்கக்கூடியது. புது என்ஜின் வரையச் செலவாகும் என்று அதையே 650, 750, நார்டனில் 850 வரை ஊதிப் பெருக்கினார்கள். கை மரத்துப்போகும், ஹெட்லைட் பல்பு இழை அறுந்துபோகும், நட்டு தானாகக் கழன்று விழும்.

நார்டன் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தது. 1967-இல் காட்டிய கமாண்டோவில் என்ஜின், கியர்பாக்ஸ், பின்சக்கரம் மூன்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து, ரப்பர் புஷ்கள் வழியாக சேஸியில் தொங்கவிட்டார்கள். பைக்கை நிறுத்தி ஐடிலில் வைத்தால் முன்சக்கரமே குதிப்பதைப் பார்க்கலாம். வேகம் பிடித்ததும் கைப்பிடியில் பட்டு மாதிரி இருக்கும். அந்தப் புஷ்ஷின் இடைவெளியைச் சரியாக வைக்காவிட்டால் வளைவில் பைக் ஆடும் என்பது வேறு கதை. நோயைத் தீர்க்காமல் கட்டிலை மாற்றினார்கள் என்று சிலர் கேலி செய்வார்கள். என்னைக் கேட்டால், கையில் இருந்த பணத்துக்கு அது மேதைமையான வேலை.

பிஎஸ்ஏ மாதிரி பெரிய கம்பெனி எப்படி ஒரேயடியாகச் சாய்ந்தது?

ஒரேயடியாக இல்லை, ஆனால் 1971 என்ற ஒரே ஆண்டில் எல்லாமும் சேர்ந்து வந்தது.

பணம் இருந்த காலத்திலேயே அது வேறு வழிகளில் போனது. 1950-களில் தலைவராக இருந்த சர் பெர்னார்ட் டாக்கர், கம்பெனிக்குச் சொந்தமான டைம்லர் காரைத் தங்க நட்சத்திரங்கள் பதித்துச் செய்வித்தார். அவருடைய மனைவி அதில் பவனி வந்தார். 1956-இல் இயக்குநர்கள் அவரை வெளியேற்றினார்கள். 1960-களில் உம்பர்ஸ்லேட் ஹால் என்ற கிராமத்து மாளிகையை எடுத்து, அதை ஆராய்ச்சி மையமாக்கினார்கள். தொழிற்சாலையில் இருந்தவர்கள் அதைத் 'தூங்கு மாளிகை' என்ற பொருளில் பெயரைத் திரித்துக் கூப்பிட்டார்கள். பைக் செய்யும் இடமும் பைக் வரையும் இடமும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி.

சேஸியின் குழாய்க்குள்ளேயே ஆயிலை நிரப்பும் புது அமைப்பை அங்கே வரைந்தார்கள். வரைபடம் ட்ரையம்பின் மெரிடன் தொழிற்சாலைக்கு மாதக்கணக்கில் தாமதமாக வந்தது. அதுவரை ஆட்கள் வேலையில்லாமல் நின்றார்கள். ஒருவழியாகச் சேஸிகள் வந்து, 650 என்ஜினை உள்ளே இறக்கிப் பார்த்தால் இறங்கவில்லை. ராக்கர் பெட்டி மேல்குழாயில் இடித்தது. ராக்கர் பெட்டியைக் கழற்றி, என்ஜினை உள்ளே நுழைத்து, மறுபடி பூட்ட வேண்டியிருந்தது. சீட்டோ சராசரி உயரமுள்ளவருக்குக் கால் ஊன்ற முடியாத உயரத்தில் இருந்தது. அமெரிக்காவில் வசந்த காலத்தில்தான் பைக் விற்கும், அதற்குக் குளிர்காலத்திலேயே கப்பல் ஏற்ற வேண்டும். அந்தப் பருவம் கைநழுவியது.

இது போதாதென்று ஏரியல் 3 என்ற மூன்று சக்கர மொபெட். 1970-இல் வந்தது. வளைவில் முன்பாதி மட்டும் சாயும், பின்னால் இருக்கும் இரண்டு சக்கரமும் சாயாது. யாரும் வாங்கவில்லை. அதில் போட்ட பணத்தில் 350 சிசி ட்வினான (இரட்டை சிலிண்டர்) ஃபியூரியை முடித்திருக்கலாம். அதை விளம்பரமெல்லாம் செய்துவிட்டு உற்பத்திக்கே கொண்டுவராமல் விட்டார்கள். 1973-இல் பிஎஸ்ஏ முழுகியது.

தொழிற்சங்கங்களின் வேலைநிறுத்தம்தான் காரணம் என்று சொல்கிறார்களே?

சண்டைகள் நடந்தன. மெரிடனில் சம்பளமும் அந்தத் தொழிலிலேயே உயர்ந்த ரகம். ஆனால் மேலே சொன்ன பாஸ்டன் கன்சல்டிங் குரூப் அறிக்கையின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு இருபது பைக்கைக்கூட எட்டவில்லை, ஹோண்டாவில் அது நூறைத் தாண்டியது. இவ்வளவு வித்தியாசத்தைச் சோம்பேறித்தனத்தால் விளக்க முடியாது. ஒருவர் கையால் பிடித்துத் துளையிடுகிறார், இன்னொருவர் தானியங்கி இயந்திரத்துக்குத் தீனி போடுகிறார். இயந்திரம் வாங்குவது சங்கத்தின் வேலையா?

தொழிலாளர்களே ட்ரையம்பை நடத்தியதாகக் கேள்விப்பட்டேன். அது என்ன கதை?

மெரிடன் கூட்டுறவு. இந்த வரலாற்றிலேயே மனதைத் தொடுகிற பகுதி இதுதான்.

பிஎஸ்ஏ விழுந்ததும், ஏற்கெனவே நார்டனை வைத்திருந்த டென்னிஸ் பூர் அரசு உதவியோடு எல்லாவற்றையும் சேர்த்து நார்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ப் என்று ஆக்கினார். 1973 செப்டம்பரில் மெரிடனை மூடப்போவதாக அறிவித்தார். தொழிலாளர்கள் வாசலை அடைத்துக்கொண்டார்கள். உள்ளே முடித்து வைத்த பைக்குகளும் அச்சுகளும் வெளியே போக முடியவில்லை. வாசலில் இரும்பு டிரம்மில் நெருப்பு மூட்டிக்கொண்டு, ஷிஃப்ட் போட்டு, குளிரில் காவல் இருந்தார்கள். 1974-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. தொழில்துறை அமைச்சர் டோனி பென் அவர்கள் பக்கம் நின்றார். 1975 மார்ச்சில் அரசுக் கடனோடு கூட்டுறவு பிறந்தது.

துப்புரவு செய்பவரிலிருந்து என்ஜின் பூட்டுபவர் வரை எல்லோருக்கும் ஒரே சம்பளம். கையில் இருந்ததோ 750 சிசி ட்வின் ஒன்றுதான். பைக்குகளின் கியர் லீவர் இடதுபக்கம்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா அந்த நேரம் பார்த்து விதி போட்டது. வலதுகால் கியரில் வளர்ந்த பிரிட்டிஷ் பைக்குக்கு அது பெரிய அறுவைச் சிகிச்சை. நம் ஊரில் பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு எந்தக் காலில் பிரேக், எந்தக் காலில் கியர் என்ற குழப்பம் தெரிந்ததுதானே. அதையும் மாற்றிச் சமாளித்தார்கள். 1977-இல் அரசியின் வெள்ளிவிழாவுக்கு, தங்கள் ட்வினான பானவில்லில் ஒரு சிறப்பு மாடல் செய்து விற்றார்கள். ஜிஇசி என்ற மின்சாதனக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் வெயின்ஸ்டாக் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டார்.

1979-க்குப் பிறகு பவுண்டின் மதிப்பு ஏறியது, அமெரிக்காவில் விலை கட்டுப்படியாகவில்லை. புது என்ஜினுக்கு முதலீடு போட ஆள் இல்லை. 1983 ஆகஸ்டில் கதவு சாத்தப்பட்டது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். அதில் ஒரு தெருவுக்கு பானவில் என்று பெயர்.

தோல்வி என்றுதான் எழுதுகிறார்கள். மூடச் சொன்ன தொழிற்சாலையை எட்டாண்டு ஓட்டினார்கள், அதனால்தான் 1983-இல் விற்பதற்கு ட்ரையம்ப் என்று உயிருள்ள ஒரு பெயர் மிஞ்சியது. மூடப்போவதாகச் சொல்லாத பிஎஸ்ஏவின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையோ அதற்கு முன்பே இடித்துத் தரைமட்டமாகிவிட்டது.

வேலொசெட், வின்சென்ட் எல்லாம் என்ன ஆயின?

வின்சென்ட் பைக் உற்பத்தியை 1955-இல் நிறுத்தியது. அதன் பிளாக் ஷேடோ இன்று ஏலத்தில் வீட்டு விலைக்குப் போகிறது. வேலொசெட் 1971-இல் மூடியது. ஏஎம்சி 1966-இல் திவால்.

ட்ரையம்பை மீட்டவர் யார்? எப்படிச் செய்தார்?

ஜான் ப்ளோர். வீடு கட்டி விற்கும் தொழிலில் பணக்காரரானவர், பைக் உலகத்துக்குச் சம்பந்தமில்லாதவர். 1983-இல் பெயரையும் உரிமைகளையும் வாங்கினார். அடுத்த ஏழு ஆண்டு அவர் வாயே திறக்கவில்லை. பெயர் உயிரோடு இருக்கட்டும் என்று பழைய பானவில்லைச் செய்துகொள்ள டெவன் பகுதியில் லெஸ் ஹாரிஸ் என்பவருக்கு மட்டும் உரிமம் கொடுத்தார். 1988 வரை அது நடந்தது.

ப்ளோர் எடுத்த முதல் நல்ல முடிவு, மெரிடனின் பழைய என்ஜினையும் பழைய இயந்திரங்களையும் தூக்கிப் போட்டது. இரண்டாவது, ஜப்பான் தொழிற்சாலைகளைப் பார்த்துவரத் தன் ஆட்களை அனுப்பியது. டர்னர் 1960-இல் பார்த்ததைத்தான் இவர்களும் பார்த்தார்கள். இந்தமுறை பார்த்ததைச் செய்தார்கள். லெஸ்டர்ஷயரில் ஹிங்க்லி என்ற ஊரில் புதுத் தொழிற்சாலை எழுந்தது. 1990 கொலோன் கண்காட்சியில் ஒரே நேரத்தில் ஆறு மாடல்களைக் காட்டினார்கள். மூன்று சிலிண்டரில் 750, 900. நான்கு சிலிண்டரில் 1000, 1200. தண்ணீரில் குளிரும் இரட்டைக் கேம் என்ஜின்கள். உள்ளே பார்த்தால் பல உறுப்புகள் எல்லா என்ஜினுக்கும் பொது. ஒரே அச்சில் ஒரு குடும்பத்தையே வார்க்கும் இந்த யோசனையை ஹாப்வுட் 1970-களின் தொடக்கத்திலேயே பழைய நிர்வாகத்திடம் சொல்லியிருந்தார், யாரும் கேட்கவில்லை.

பழைய நினைவை விற்பதில் அவர் அவசரப்படவே இல்லை. ஆயில் ஒழுகாது என்று முதலில் ஜனங்கள் நம்பட்டும் என்று பத்தாண்டு காத்திருந்து, பிறகுதான் பானவில் பெயரில் 790 சிசி ட்வினைக் கொண்டுவந்தார். பின்னாளில் அதற்குப் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வந்தபோது, பழைய கார்புரேட்டர் மாதிரியே தெரியும்படி கூடு செய்து மாட்டினார்கள். ஏமாற்று வேலைதான், ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது. 2002-இல் தொழிற்சாலையின் பெரும்பகுதி தீயில் எரிந்தது, சில மாதங்களில் மறுபடி எழுப்பிவிட்டார்கள். 2019 முதல் மோட்டோ2 பந்தயத்தின் எல்லாப் பைக்குகளுக்கும் ட்ரையம்பின் 765 சிசி மூன்று சிலிண்டர்தான் என்ஜின்.

ராயல் என்ஃபீல்டு மட்டும் சாகாமல் இருந்தது எப்படி?

இங்கிலாந்தில் அதுவும் செத்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடியது. பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் பக்கத்தில் ஒரு பழைய கல்சுரங்கத்துக்குள் நடந்த பட்டறையில் இன்டர்செப்டர் இன்னும் கொஞ்சகாலம் வந்தது, 1970-இல் அதுவும் முடிந்தது.

உயிர் திருவொற்றியூரில் இருந்தது. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததால், மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் வந்த பாகங்களைச் சேர்த்தார்கள், சில ஆண்டுகளில் முழு பைக்கையும் இங்கேயே செய்தார்கள். தாய்க் கம்பெனி போன பிறகும் பிள்ளை அதே புல்லட்டைச் செய்துகொண்டிருந்தது. 1977-இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது.

இதை வெற்றிக்கதை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. போட்டியில்லாத சந்தையில் மாறாமல் நிற்பது எளிது. 1980-களில் நம் ரோட்டில் ஜப்பான் கூட்டு பைக்குகள் வந்ததும் பர்மிங்ஹாம் பட்ட அதே அடியை இதுவும் பட்டது. 1994-இல் ஐஷர் வாங்கியது, 2000 வாக்கில் அதை விற்றுவிடலாமா என்று யோசிக்கும் நிலை. அப்போது பொறுப்பேற்ற சித்தார்த்த லால் வெளித்தோற்றத்தைப் புதிதாகச் செய்யாமல் உள்ளே இருந்ததை மாற்றினார்: புது அலுமினிய என்ஜின், இடதுகால் கியர், ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதுத் தொழிற்சாலைகள். லெஸ்டர்ஷயரில் ப்ரன்டிங்தார்ப் என்ற இடத்தில் ஒரு வடிவமைப்பு மையமும் திறந்தார்கள். அங்கே இருப்பவர்களும் சென்னையில் இருப்பவர்களும் சேர்ந்து செய்ததுதான் 2018-இல் வந்த இன்டர்செப்டர் 650. அதன் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஆடுவதில்லை. கிராங்க்கை 270 டிகிரியில் வைத்து, எதிர்நிறைத் தண்டும் போட்டிருக்கிறார்கள். டர்னர் காலத்து அதிர்வுக்கு விடை அதுதான். 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு பத்து லட்சம் பைக்குகளைத் தாண்டியது.

நார்டனை டிவிஎஸ் வாங்கியது ஏன்?

நார்டன் பெயர் ரொம்பப் பாடுபட்ட பெயர். 1907-இல் முதல் டிடி பந்தயத்திலேயே ஒரு பிரிவில் வென்றது. 1992-இல் ரோட்டரி என்ஜின் வைத்த நார்டனில் ஸ்டீவ் ஹிஸ்லப் சீனியர் டிடி ஜெயித்தார். நடுவிலும் பிறகும் கைமாறிக்கொண்டே இருந்தது. 2020 ஜனவரியில் மறுபடி திவால். அப்போதைய உரிமையாளர் ஓய்வூதிய நிதிகளை விதிமீறித் தன் கம்பெனியிலேயே போட்டதைப் பிறகு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பணத்தைப் போட்ட சாமானியர்கள் பாவம்.

அதே ஆண்டு ஏப்ரலில் டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கி, பர்மிங்ஹாமுக்கு அருகே சோலிஹல்லில் புதுத் தொழிற்சாலை போட்டது. வந்தவுடன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பழைய நிர்வாகம் விற்ற வி4 பைக்குகளில் பாதுகாப்புக் குறைகள் இருப்பதால் ஓட்டாதீர்கள் என்று உரிமையாளர்களிடம் சொன்னது. இப்படி ஆரம்பிக்கத் துணிச்சல் வேண்டும். 2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில் மாங்க்ஸ், அட்லஸ் என்ற பெயர்களில் புது மாடல்களைக் காட்டினார்கள். விற்று ஓடுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

பிஎஸ்ஏ?

2016-இல் மஹிந்திராவின் கிளாசிக் லெஜண்ட்ஸ் வாங்கியது. புது கோல்ட் ஸ்டார் 652 சிசி ஒற்றை சிலிண்டர், மத்தியப் பிரதேசத்தில் பீத்தம்பூரில் தயாராகிறது. முதலில் பிரிட்டனில் விற்று, 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது.

அப்படியானால் இன்றைய ட்ரையம்ப் பிரிட்டிஷ் பைக்தானா?

முதலாளி பிரிட்டிஷ், வரைவது ஹிங்க்லியில். செய்வது பெரும்பாலும் தாய்லாந்தில். ஸ்பீட் 400 புனே அருகே சாகனில் பஜாஜ் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. 2023 ஜூலையில் அது வந்த பிறகுதான் ட்ரையம்ப் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1960-களில் கைவிட்ட சின்ன பைக் சந்தைக்குள் அறுபது ஆண்டு கழித்து, வேறொருவர் தொழிற்சாலை வழியாக மறுபடி நுழைந்திருக்கிறார்கள். இதில் எது பிரிட்டிஷ் என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. 1902-இல் வந்த முதல் ட்ரையம்பே பெல்ஜியத்து என்ஜின் வைத்து, நியூரம்பெர்க்கிலிருந்து வந்த சிக்ஃப்ரீட் பெட்மன் என்ற ஜெர்மானியரின் கம்பெனி செய்ததுதான்.

ஒரு பழைய பிரிட்டிஷ் ட்வின் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஸ்பேர் பற்றிப் பயப்பட வேண்டாம். ட்ரையம்பின் 650, நார்டன் கமாண்டோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட எல்லாப் பாகமும் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பயப்பட வேண்டியது ஸ்பேனருக்கு. 1960-களின் பைக்குகளில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு நட்டுகள் இருக்கும். நம் பட்டறையில் இருக்கும் எம்எம் ஸ்பேனர் ஏறக்குறைய பொருந்துவது போல இருக்கும், ஆனால் நட்டின் முனையை வழித்துவிடும். வாங்கப்போகும் பைக்கில் நட்டெல்லாம் உருண்டையாக இருந்தால், முன்பு யார் கைவைத்தார் என்று புரிந்துகொள்ளலாம். என்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று. இவற்றில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். பைக் சில வாரம் சும்மா நின்றால், பம்ப் வழியாக அது மெதுவாகக் கீழிறங்கி கிராங்க்கேஸில் தேங்கிவிடும். டேங்கைத் திறந்து பார்த்தால் காலி. உடனே புது ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். முதலில் கீழே இருக்கும் பிளக்கைக் கழற்றி, தேங்கியதை வடித்து அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மிச்ச ஆயிலெல்லாம் மூச்சுக்குழாய் வழியாக உங்கள் பேன்ட்டில் இருக்கும்.